வாகனக் கேள்வி பதில்: பிக்கப் கூரைக்குள்ளால் தண்ணீர் வருகிறதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியது. சன்ரூஃப் (கூரையில் திறந்து மூடும் கண்ணாடி) ஒழுகுகிறது, சீட் நனைகிறது, மணக்கிறது. ஆகவே இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். எண்ணெய், ரயர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதங்களில் இருந்த கம்பனிப் பெயர்களை எடுத்துவிட்டேன். எந்தக் கம்பனியின் பிக்கப் என்றாலும் தண்ணீர் போகும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். பெயரைப் போட்டால், "இது வேறு வண்டி, எனக்கில்லை" என்று பலர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

கேள்வி: வணக்கம் அண்ணா. வீடு திருத்தும் வேலை செய்கிறேன். சன்ரூஃப் உள்ள நாலு கதவுப் பிக்கப் வைத்திருக்கிறேன். 2024 ஜூலை 16ஆம் திகதி, டொரொன்ரோவின் டிவிபி (டொன் வலி பார்க்வே) நெடுஞ்சாலை வெள்ளத்தில் மூழ்கிய அன்று, வண்டி வெளியே நின்றது. பின்னேரம் ஏறிப் பார்த்தால் சாரதி பக்கத் தூணை மூடியிருக்கும் துணி ஊறிப்போய் இருந்தது. அதிலிருந்து பெரிய மழை பெய்தால் இதே கதை. மழை விட்ட பிறகும், சிக்னலில் பிரேக் பிடித்தால் கூரை லைற்றுக்குள்ளால் மடியில் தண்ணீர் கொட்டுகிறது. காட்டிய இடத்தில் சன்ரூஃப் முழுவதையும் மாற்ற வேண்டும், 4000 டொலருக்கு மேல் போகும் என்கிறார்கள். கூட வேலை செய்பவர் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கோன் அடித்தால் சரி என்கிறார். எதைச் செய்ய? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். முதலில் ஒரு கோப்பைத் தண்ணீர் எடுங்கள்.

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பர், தண்ணீரை முற்றாக மறிப்பதற்கு வைத்ததல்ல. பெரும்பகுதியை மறிக்கும், காற்றிரைச்சலைக் குறைக்கும், மிச்சத் தண்ணீரை உள்ளே விடும். அப்படி உள்ளே வரும் தண்ணீரை ஏந்துவதற்குக் கண்ணாடிக்குக் கீழே நாலு பக்கமும் ஓடை வைத்த ஒரு தட்டு இருக்கிறது. ஊரில் ஓட்டு வீட்டுக்குப் பீலி வைத்து, மூலையில் குழாய் இறக்கி, தண்ணீரை முற்றத்தில் விடுவோமே, அதே ஏற்பாடுதான். தட்டின் நாலு மூலையிலும் சுண்டுவிரலை விடச் சன்னமான நாலு குழாய்கள். முன்னிரண்டும் முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களுக்குள்ளால் இறங்கி, முன் கதவின் கீல் இருக்கும் பக்கமாகவோ சில்லுக்கு மேலேயோ வெளியே முடியும். பின்னிரண்டும் கேபினின் பின்தூண்களுக்குள்ளால் இறங்கி, பெரும்பாலும் கேபினுக்கும் பின்பெட்டிக்கும் இடைப்பட்ட பகுதியில், கீழே முடியும். சரியான இடம் வண்டிக்கு வண்டி மாறும்.

ஆகவே "சன்ரூஃப் ஒழுகுகிறது" என்று நாம் சொல்லும்போது அநேகமாக நடந்திருப்பது, உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக வழியில்லாமல் போனதுதான். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகப் பெறுமதியான வரி, பிரேக் பிடித்தால் கொட்டுகிறது என்பது. தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வண்டி நிற்கும்போது அது முன்னுக்கு அலைந்து விளிம்பைத் தாண்டுகிறது. றப்பர் மட்டும் பழுதாக இருந்து குழாய்கள் நன்றாக இருந்தால், மழை விட்டபிறகு தட்டில் இவ்வளவு தண்ணீர் இருக்காது.

அன்றைய மழையில் இது ஏன் முதன்முதலாகத் தெரிந்தது என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. பியர்சன் விமான நிலையத்தில் அன்று ஏறக்குறைய 98 மில்லிமீற்றர் பெய்தது, அதிலும் பெரும்பகுதி சில மணித்தியாலங்களுக்குள். பாதி அடைத்த குழாய் தூறலைச் சமாளிக்கும், அப்படி ஒரு மழையைச் சமாளிக்காது. உங்கள் குழாய் அன்றைக்கு அடைக்கவில்லை. பல மாதமாக மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வந்திருக்கும். உங்கள் வேலையில் ட்ரைவோல் (சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகை) வெட்டும் தூசி வேறு. அது ஈரத்தில் இறுகினால் களிமண்தான்.

இனிப் பரிசோதனை. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சன்ரூஃபை முழுதாகத் திறந்து, தட்டின் முன்மூலைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஓட்டை தெரியும். மேப்பிள் விதையின் இறகு, பைன் ஊசியிலை, கறுத்த சேறு எல்லாவற்றையும் துணியால் துடைத்தெடுங்கள். தள்ளாதீர்கள், தள்ளினால் எல்லாம் குழாய்க்குள் போய்விடும். பிறகு ஒரு மூலையில் கோப்பைத் தண்ணீரை மெல்ல, நூல் பிடித்தாற்போல ஊற்றுங்கள். இன்னொருவர் கீழே குனிந்து அந்தப் பக்கத்துச் சில்லடியைப் பார்க்கட்டும். சில விநாடிகளில் ஒழுங்காக ஓடினால் அந்தக் குழாய் நலம். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. ஒன்றுமே வராமல் மூலையில் தண்ணீர் ஏறினால் முழு அடைப்பு. மேலே தண்ணீர் இறங்கிவிடுகிறது, ஆனால் கீழே வரவில்லை, உள்ளே தூண் நனைகிறது என்றால் குழாய் கழன்றிருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால்தான் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் எவரிடமும் காசைக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

முன்மூலைகளைக் கையாலேயே எட்டலாம். பின்மூலைகள் பல வண்டிகளில் கண்ணாடிக்கு அடியில் மறைந்துபோகும். அப்போது வண்டியின் மூக்கை ஏற்றமான பக்கம் வைத்து நிறுத்தி ஊற்றினால் தண்ணீர் தானாகப் பின்னுக்குப் போகும். உங்கள் ட்ரைவ்வே சரிவா என்பதையும் கவனியுங்கள். மூக்குக் கீழே பார்த்து நிற்கும் வண்டிக்கு முன்குழாய் இரண்டும்தான் எல்லாச் சுமையையும் தாங்கும்.

அடைப்பை எடுக்க நான் பாவிப்பது புல்வெட்டும் ட்ரிம்மரின் நைலோன் நூல். 2 மில்லிமீற்றர் அளவு போதும். நுனியை நெருப்புக் காட்டி உருண்டையாக்குங்கள், கூராக இருந்தால் குழாயைக் குத்திவிடும். மேலிருந்து சுழற்றிச் சுழற்றி மெதுவாக விடுங்கள். வளைவில் தட்டினால் பலாத்காரம் பண்ணாமல் பின்னுக்கு இழுத்துத் திரும்ப விடுங்கள். உடுப்புக் கொழுவும் கம்பியை நிமிர்த்தி விடுவார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். கழன்று தொங்கும் குழாய்களோடு கராஜுக்கு வரும் வண்டிகளில் அந்தக் கம்பி செய்த வேலை நிறைய.

கொம்பிரசர் காற்றும் அப்படித்தான். மேலிருந்து 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை அடித்தால் அடைப்பு போவதற்கு முன்னர் தட்டின் மூக்கிலிருந்து குழாய் கழன்றுவிடும். குழாயை அந்த மூக்கில் பிடித்திருப்பது பெரும்பாலும் அதன் சொந்த இறுக்கம் மட்டுமே. அது கழன்றால் கூரைத்துணியை இறக்காமல் திருப்பி மாட்ட முடியாது. அதைவிட நல்லது ஈரம் இழுக்கும் ஷொப் வக்கியூமை, குழாய் வெளியே முடியும் இடத்தில் துணி சுற்றிப் பிடித்துக் கீழே இழுப்பது. சேறு எந்த வழியால் போகவேண்டுமோ அந்த வழியால் போகும்.

கீழ் நுனியில் அநேக வண்டிகளில் ஒரு றப்பர் மூக்கு இருக்கும். நுனியில் சின்னக் கீறல் வைத்து, தண்ணீர் வந்தால் திறந்து மற்ற நேரம் மூடிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள், தூசியும் பூச்சியும் ஏறாமல் இருப்பதற்காக. எங்கள் வீதிகளின் சேறும் உப்பும் சேர்ந்து அந்தக் கீறலை ஒட்டிவிடும். மேலே எவ்வளவு குத்தினாலும் கீழே வாய் மூடியிருந்தால் பயனில்லை. விரலால் நசித்து, கழுவி, வாயைத் திறந்துவிடுங்கள். பல வண்டிகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

குழாய் கழன்றிருந்தால் அது வேறு கதை. முன்தூணின் மூடியைக் கழற்ற வேண்டும், சிலவேளை கூரைத்துணியையும் இறக்க வேண்டும். அந்தத் தூணுக்குள்ளும் கூரையின் ஓரம் முழுவதும் பக்க எயார்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்காமல் அங்கே கைவைக்கக் கூடாது. தூண்மூடியைப் பிடிக்கும் கிளிப்புகளும் சில வண்டிகளில் ஒருமுறைதான் பாவிக்கலாம், கழற்றினால் புதிதாக வாங்கிப் போட வேண்டும். எயார்பேக் விரியும்போது அந்த மூடி பறந்து முகத்தில் அடிக்காமல் இருப்பதற்கே அந்தக் கிளிப். இந்தக் கட்டத்தை உரிமம் உள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். சில மணிநேரக் கூலியும் ஒரு குழாயும்தான் செலவு, சன்ரூஃப் முழுவதற்கும் கேட்ட காசு வராது.

முழுவதையும் மாற்றவேண்டிய வண்டிகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. தட்டின் மூலைகள் பிளாஸ்ரிக், பக்கச் சட்டங்கள் அலுமினியம். இரண்டையும் பொருத்திய இடத்தில் வெடிப்பு வந்தால் குழாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் உள்ளேதான் விழும். 2015இல் ஃபோர்ட் எஃப்-150க்கும் 2019இல் ராம் 1500க்கும் வந்த மாதிரியான நீளப் பனோரமாக் கூரை என்றால் தட்டும் பெரிது, விலையும் பெரிது. வெபாஸ்டோ, இனால்ஃபா போன்ற கம்பனிகள் முழுச் சட்டமாகச் செய்து கொடுப்பதால் உதிரியாக ஒரு மூலையை மட்டும் வாங்குவது கஷ்டம். ஆனால் "தட்டு வெடித்திருக்கிறது" என்று சொல்பவர் அந்த வெடிப்பை உங்களுக்குக் காட்ட வேண்டும். துணியை இறக்கி, தண்ணீர் ஊற்றி, எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கடுமையாக உழைத்த காசு தம்பி, கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சிலிக்கோன் விஷயம். கண்ணாடியைச் சுற்றி அடித்தால் கொஞ்சக் காலம் ஒழுகாதது போலத் தெரியும். பிறகு ஒரு பக்கம் விடும், தட்டு நிரம்பும், பழைய கதை தொடங்கும். இதற்கிடையில் சன்ரூஃபைத் திறக்கவும் முடியாது, குழாயைத் துப்புரவு செய்யவும் முடியாது. கடையில் வாங்கும் சாதாரண சிலிக்கோன், வினாகிரி மணம் வருமே அது, காயும்போது அமிலத்தை விடும். பெயின்ற் சுரண்டிய இடத்தில் பட்டால் கறள் பிடிக்க வழிசெய்யும். சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு பெயின்றும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது.

குழாய் எல்லாம் சரி, இன்னும் தண்ணீர் அதிகமாக உள்ளே வருகிறது என்றால் மட்டும் கண்ணாடியின் உயரத்தைப் பாருங்கள். முன்விளிம்பு கூரையோடு சமமாக அல்லது ஒரு மில்லிமீற்றர் தாழ்வாகவும், பின்விளிம்பு சமமாக அல்லது ஒரு மில்லிமீற்றர் உயர்வாகவும் இருப்பதுதான் பொதுவான அளவு. உள்ளே இரு ஓரத்திலும் பிளாஸ்ரிக் மூடிக்குக் கீழே நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் இருக்கும். அவற்றைத் தளர்த்தி, சரிசெய்து, இறுக்கலாம். ஒரு கடதாசித் துண்டை றப்பருக்கும் கூரைக்கும் இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எல்லா இடமும் ஒரேமாதிரி இறுக்கமாக வரவேண்டும். ஓரிடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே றப்பர் அமுங்கிவிட்டது.

கேள்வி: சன்ரூஃபின் நாலு குழாயையும் துப்புரவு செய்துவிட்டேன், தண்ணீர் நன்றாக ஓடுகிறது. ஆனாலும் பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள கார்ப்பெட் மழைக்கு நனைகிறது. சன்ரூஃப் கண்ணாடியை மாற்றட்டுமா? (ஏஜாக்ஸ் வாசகர்)

பதில்: வேண்டாம் ஐயா. சன்ரூஃப் இருக்கிற காரணத்தால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிடுகிறோம். பிக்கப்பில் கேபினின் பின்சுவர் நனைந்தால் நான் முதலில் பார்ப்பது மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைற். அமெரிக்காவில் 1994 மொடலிலிருந்து பிக்கப்களுக்கும் அந்த லைற் கட்டாயமானது. ஆகவே ஏறக்குறைய எல்லாப் பிக்கப்பின் கேபினிலும் பின்பக்கம் அதற்காக ஒரு ஓட்டை வெட்டியிருக்கும். லைற்றுக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு பஞ்சுப் பட்டி. வெயிலிலும் குளிரிலும் அது சப்பளிந்து கல்லாகிவிடும். தண்ணீர் அதன் வழியே உள்ளே வந்து, சுவரின் உள்பக்கமாக வழிந்து, நீங்கள் சொல்லும் அதே இடத்தில்தான் தேங்கும்.

பரிசோதிப்பது சுலபம். லைற்றைச் சுற்றி நல்ல அகலமான டேப் ஒட்டுங்கள். அடுத்த மழைக்கு உள்ளே காய்ந்திருந்தால் கள்ளன் பிடிபட்டான். பெரும்பாலும் இரண்டே ஸ்குரூ. கழற்றி, பழைய பட்டியைச் சுரண்டி, தகரத்தைத் துடைத்துக் காயவைத்து, புதுப் பட்டி வைத்துப் பூட்டுங்கள். ஸ்குரூவை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். லைற்றின் பிளாஸ்ரிக் வெடித்தால் திரும்பவும் அதே ஒழுக்கு.

டேப் ஒட்டியும் நனைந்தால் அடுத்தது பின்கண்ணாடி. நடுவில் இழுத்துத் திறக்கும் வகை என்றால் அந்தச் சட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் போகச் சின்ன ஓட்டைகள் உண்டு, அவையும் அடைக்கும். சட்டமே வெடிப்பதும் உண்டு. இதற்கு ஹோஸ் பைப் எடுத்து, வேகம் இல்லாமல், கீழிருந்து தொடங்கி மேலே போகவேண்டும். முதலில் கண்ணாடியின் கீழ்விளிம்பில் மட்டும் சில நிமிடம், ஒருவர் உள்ளே டோர்ச் பிடித்துக்கொண்டு. கசியவில்லையா, பக்க விளிம்புகள். அங்கும் இல்லையா, மேல்விளிம்பு. கடைசியாக பிரேக் லைற். எடுத்த எடுப்பில் மேலே அடித்தால் எல்லா இடமும் ஒரேயடியாக நனையும், எதனால் வந்தது என்று ஒருநாளும் தெரியாது. பிரஷர் வொஷரால் அடிக்காதீர்கள், நல்ல றப்பருக்குள்ளாலும் அது தண்ணீரை ஏற்றிவிடும்.

கூரையில் அன்ரெனா, ஓரத்தில் மஞ்சள் லைற்றுகள், ஏணி கட்டும் ராக் எதையாவது பூட்டியிருந்தால் அந்தத் துளைகளையும் பாருங்கள். பிறகு யாரோ பூட்டிய ராக்கின் துளையை அநேகமானவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: தம்பி, நாங்கள் கொண்டோவில் இருக்கிறோம். மாரியில் வேலை முடிந்து வந்து நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் பிக்கப்பை விட்டால், காலையில் முன் சீட்டில் ஈரம். கோடையில் ஒரு துளி இல்லை. இது என்ன புதினம்? (மார்க்கம் வாசகி)

பதில்: அக்கா, இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, குழாயின் கீழ் நுனியில் சேறும் பனியும் உறைந்து ஐஸ் அடைப்பு. வெளியே நிற்கும்வரை கூரையில் உள்ள பனி பனியாகவே இருக்கும். சூடான தரிப்பிடத்துக்கு வந்ததும் மேலே முதலில் உருகும், கீழே சில்லடியில் கட்டியாக இருக்கும் ஐஸ் கடைசியாகத்தான் இளகும். அந்த இடைவெளியில் தட்டு நிரம்பி உள்ளே விழும். இதற்கு மாரி தொடங்கமுன், இலையுதிர்ந்து முடிந்த கையோடு குழாய்களைத் துப்புரவு செய்துவிட வேண்டும். உள்ளே போகுமுன் கூரையில் இருக்கும் பனியைத் தூரிகையால் தள்ளிவிடுங்கள். அது பாதி வேலையைக் குறைக்கும்.

மற்றது ஒழுக்கே இல்லை, வெறும் மூச்சுக்காற்று. சப்பாத்தில் வரும் பனி றப்பர் விரிப்பில் உருகி, ஆவியாகி, குளிர்ந்த கண்ணாடியிலும் கூரைத் தகரத்தின் உள்பக்கத்திலும் ஒட்டி உறையும். இளகும்போது சொட்டும். பனியோ மழையோ இல்லாத நாளிலும் ஈரம் வந்தால், கண்ணாடி முழுக்க உள்ளே வியர்த்திருந்தால், இதுதான். விரிப்பில் நிற்கும் தண்ணீரை ஒவ்வொரு நாளும் ஊற்றிவிடுங்கள். உள்காற்றையே திருப்பிச் சுற்றும் பொத்தானை அணைத்து, ஏசியையும் போட்டு ஹீற்றரை ஓடவிடுங்கள். மாரியிலும் ஏசி காற்றை உலர்த்தும்.

இன்னொன்று அக்கா. உறைந்திருக்கும் சன்ரூஃபைத் திறக்கும் பொத்தானை அழுத்தவே வேண்டாம். றப்பர் ஒட்டியிருக்கும்போது மோட்டர் இழுத்தால் அதன் பிளாஸ்ரிக் துண்டுகள் உடையும், கண்ணாடி கோணலாகும். சுடுதண்ணீரும் ஊற்றாதீர்கள், குளிர்ந்த கண்ணாடி அந்த அதிர்ச்சியில் சிதறலாம். மாரிக்கு முன் றப்பரைத் துடைத்து சிலிக்கோன் கிறீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். இது மேலே சொன்ன ஒட்டும் சிலிக்கோன் அல்ல, உராய்வு குறைக்கும் கிறீஸ். வாஸ்லின் பூசச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பெற்றோலியத்தில் செய்த எதுவும் அந்த றப்பரை ஊதவைத்துப் பழுதாக்கும்.

கேள்வி: மழையே இல்லை. ஆனால் முன்பக்கப் பயணி காலடியில் மட்டும் தண்ணீர். சன்ரூஃப் குழாயா? (பிராம்ப்ரன் வாசகர்)

பதில்: ஏசி போட்ட நாளில் மட்டும், மணமில்லாத தெளிந்த தண்ணீர் என்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியில், எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடைச்சுவரில் அது முடியும். விரலில் பிசுபிசுத்து, இனித்த மணம் வந்து, முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் புகார் படர்ந்தால் அது ஹீற்றரின் கூலன்ற். அதை ஒத்திவைக்காமல் உடனே காட்டுங்கள். குழந்தைகளும் நாயும் ஏறும் வண்டி என்றால் இன்னும் கெதியாக. அந்தத் திரவம் நஞ்சு.

கேள்வி: ஒழுக்கை நிறுத்தியாயிற்று. ஆனால் வண்டிக்குள் பூஞ்சண மணம் போகவே இல்லை. வாசனைப் போத்தல் எத்தனையோ மாற்றிப் பார்த்துவிட்டேன். இந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் காசு தருமா? (மிசிசாகா வாசகர்)

பதில்: கார்ப்பெட்டின் மேல்பக்கம் காய்ந்திருக்கும். அதற்குக் கீழே இரண்டு விரல் தடிப்பில் பஞ்சு மெத்தை இருக்கிறது, அது இன்னும் ஊறிப்போய்த்தான் இருக்கும். உள்ளங்கையை வைத்து முழு உடல்பாரத்தையும் கொடுத்து அழுத்திப் பாருங்கள், தண்ணீர் கிளம்பும். மேலே மின்விசிறி வைத்துக் காயவிட்டால் கீழே காயாது. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை ஓரத்திலிருந்து தூக்கி, அடியில் கட்டை வைத்து, மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபயரும் போட்டு, கராஜுக்குள் சில நாள் விட வேண்டும். மெத்தை கறுத்துப்போயிருந்தால் வெட்டி எறிந்து புதிது வைப்பதே நல்லது.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது எயார்பேக்கினுடையது. பற்றரியைக் கழற்றாமல் அதைத் தொடாதீர்கள், அந்த இணைப்பு கழன்றிருக்கும்போது வண்டியின் சாவியைப் போடாதீர்கள், எயார்பேக் எச்சரிக்கை லைற் எரியத் தொடங்கிவிடும்.

நான் இதை இவ்வளவு வலியுறுத்துவது மணத்துக்காக மட்டுமல்ல. காலடியிலும் சீட்டுக்குக் கீழும் வயர் இணைப்புகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இருக்கின்றன. உப்புப் பனியோடு கலந்த தண்ணீர் அவற்றுக்குள் போனால் செம்பு பச்சை பிடிக்கும். மாதக்கணக்கு கழித்து ஜன்னல் இறங்காது, கதவு தானாகப் பூட்டும், காரணம் எவருக்கும் விளங்காது. கார்ப்பெட்டைத் தூக்கும் அன்றே இணைப்புகளைத் திறந்து பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். திடீர் வெள்ளம் வேறு, காலப்போக்கில் அடைத்த குழாயும் தேய்ந்த றப்பரும் கறளும் வேறு. இரண்டாவது வகைச் சேதத்துக்கு இன்சூரன்ஸில் பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள்.

கேள்வி: பழைய பிக்கப் ஒன்று தனியாரிடம் வாங்கப் போகிறேன், பெரிய கண்ணாடிக் கூரை உள்ளது. "சேஃப்டி போட்டுத் தருவேன்" என்கிறார். போதுமா அண்ணா? (விற்பி வாசகர்)

பதில்: போதாது. ஒன்ராறியோவில் சேஃப்டி சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லும், அது உத்தரவாதமும் அல்ல. பிரேக், ஸ்ரியரிங், சஸ்பென்ஷன் பார்ப்பார்கள். கூரைத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதை அதில் எதிர்பார்க்காதீர்கள். தனியார் விற்பனைக்கு வேண்டிய 20 டொலர் தகவல் கோப்பையும் அவரே தரவேண்டும். ஆனால் அதில் பதிவு விபரமும் கடன் விபரமும் இருக்குமே தவிர, ஒழுக்கு இருக்காது.

நீங்களே பாருங்கள். கூரைத்துணியின் நாலு மூலையிலும் தேத்தண்ணி நிறத்தில் வளையம் இருக்கிறதா. தூண்மூடிகளின் ஓரம் நெம்பிய அடையாளம் இருக்கிறதா. சீட் பூட்டிய ஆணிகளின் தலையில் கறள் இருக்கிறதா. வெளியே துடைத்துப் பளபளக்கும் வண்டியிலும் இந்த ஆணிகளை எவரும் துடைப்பதில்லை. 2015இலிருந்து எஃப்-150இன் உடல் அலுமினியம் என்பதால் தரையில் செங்கறளைத் தேடிப் பயனில்லை, சீட்டின் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். சன்ரூஃபைத் திறந்து விளிம்பில் பழைய சிலிக்கோன் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். இருந்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு ஏன் அடித்தீர்கள் என்று கேளுங்கள்.

போவதற்கு முன் வீட்டிலிருந்தே ஒரு வேலை செய்யலாம். அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனமான என்எச்டிஎஸ்ஏ, கம்பனிகள் தங்கள் டீலர்களுக்கு அனுப்பும் திருத்தக் குறிப்புகளைத் தன் இணையத்தளத்தில் இலவசமாகப் போடுகிறது. ஆண்டையும் மொடலையும் கொடுத்துத் தேடி, சன்ரூஃப், தண்ணீர் என்று ஏதாவது குறிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கே ஓடும் பிக்கப்களில் அநேகமானவை அங்கே விற்பதே. குறிப்பு இருந்தால், அந்த வேலை செய்த ரசீது இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பிறகு தண்ணீர்ப் போத்தல் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். முன்மூலை இரண்டிலும் அவர் முன்னாலேயே ஊற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு வண்டி பாருங்கள் தம்பி, சந்தையில் பிக்கப்புக்குக் குறைவில்லை.